கணக்கு வகுப்புக்கு நாலு புள்ளி எட்டு

ஞானசுந்தரி சாக்பீஸைக் கையில் எடுத்தால் போதும், ஆம்பூர் பைபாஸில் போகிற லாரி ஓட்டுநர்கள்கூடக் கொட்டாவி விட்டு வண்டியை ஓரங்கட்டுவார்கள் என்று அந்தப் பயிற்சி மையத்தில் ஒரு பேச்சு உண்டு. லாரி விஷயத்தை யாரும் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் மதியம் இரண்டு மணிக்கு மாடி அறையில் அவள் நடத்தும் கணக்கு வகுப்பில் முப்பத்திரண்டு பேரில் இருபத்தாறு பேர் தூங்குவார்கள் என்பது எண்ணிப் பார்த்த உண்மை. எண்ணியவள் ஞானசுந்தரியே. கணக்கு டீச்சர் அல்லவா, எதைக் கண்டாலும் எண்ணிவிடுவாள்.

மையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தோல் பதனிடுகிற ஷெட்டுகளிலும் ஷூ கம்பெனிகளிலும் மேஜையில் நின்று வேலை செய்கிறவர்களைப் பன்னிரண்டு வாரத்தில் தரப் பரிசோதகர்களாக்கி அனுப்புகிற இடம், அவ்வளவுதான். காலையில் தோலையும் தையலையும் தொட்டுத் தடவிப் பார்க்கிற செய்முறை வகுப்பு. அதை எடுப்பவன் அபினேஷ். இருபத்தேழு வயது, ஒப்பந்த வேலை, வாய் மூடாத பையன். மதியம் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பின் கணக்கு.

இந்த ஏற்பாடு இப்படியே உலகம் முடியும்வரை ஓடியிருக்கும். நடுவில் மையத்தின் தலைவர் இஷ்தியாக் அகமது இரண்டு நாள் கருத்தரங்குக்கென்று சென்னைக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது சாதாரண மனிதராகப் போனவர், திரும்பும்போது ஒரு யோசனையோடு திரும்பினார்.

"நம்ம கோர்ஸ் நல்லாருக்குன்னு நாமளே சொல்லிக்கிட்டா எப்படி? படிக்கிறவங்கள கேக்கணும். ஆன்லைன்ல. பேர் போடாம. அஞ்சே கேள்வி, பட்டுனு முடிஞ்சிடணும்," என்று மேஜையைத் தட்டினார். "யார் செய்யறீங்க?"

அபினேஷ் மின்விசிறியை ஆராய்ந்தான். ஞானசுந்தரி கையைத் தூக்கினாள்.

தூக்கியதற்குக் காரணம் ஆர்வம்தான். அவளுக்குப் பிறவியிலேயே அந்த வியாதி உண்டு. பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்பதுகூடத் தெரிந்தாக வேண்டும். அன்று சாயங்காலம் ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போகிற பேருந்தில், பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டுவதற்குள், செல்போனிலேயே படிவத்தைச் செய்து முடித்துவிட்டாள். செய்முறை வகுப்பு, கணக்கு வகுப்பு, வகுப்பறை, மதியச் சாப்பாடு, கழிப்பறை என்று ஐந்து வரி. ஒவ்வொன்றின் கீழும் ஐந்து வட்டம், அவற்றில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். தேவையில்லாத சொல் ஒன்றுகூடக் கிடையாது. அவளுக்கு எதிலும் சுத்தம் வேண்டும். முடித்துவிட்டு ராக்கெட் விட்ட விஞ்ஞானி மாதிரி ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் லிங்க் போனது. செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது.

இஷ்தியாக் அகமது அதில் வகுப்புகள் இரண்டை மட்டும் சுவரில் படமாகப் போட்டுக் காட்டினார். கணக்கு வகுப்பின் நீலக்கம்பம் கூரையை இடித்துக்கொண்டு நின்றது. நாலு புள்ளி எட்டு. செய்முறை வகுப்பின் கம்பத்தைத் தேட வேண்டியிருந்தது. சுவரோரம் எறும்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்று புள்ளி மூன்று.

அபினேஷ் வாய் மூடிய வரலாற்று நிமிடம் அது.

"கண்ணு வேற சொல்லும், நம்பர் வேற சொல்லும். நான் நம்பரத்தான் நம்புவேன். கம்மி மார்க்கு வாங்கற வகுப்பு போகும், அதான் சட்டம்," என்றார் இஷ்தியாக் அகமது. "அபினேஷ், உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது இல்ல? அடுத்த பேட்ச்ல செய்முறைக்கு வீடியோ போட்டுக்கலாம். மேடம், உங்களுக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம் இருந்தது ஒன்பதாகுது. சனிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் புது அட்டவணைய மெயின் ஆபீஸுக்கு அனுப்பிடுவேன். அனுப்பிட்டா அனுப்பினதுதான்."

வெளியே வந்ததும் அபினேஷ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வாழ்த்துகள் மேடம்."

"அபினேஷ், எனக்கே புரியல..."

"எனக்குக் கல்யாணம் பேசி வச்சிருக்காங்க மேடம். பொண்ணு வீட்டுல வந்து மாப்பிள்ள இன்னா வேலைன்னு கேட்டா, மாப்பிள்ளைக்குப் பதிலா வீடியோ வச்சிட்டாங்கன்னு சொல்லவா?"

ஞானசுந்தரிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவத்துக்கு மேலே, பாலுக்கு மேலே ஆடை மாதிரி, ஒரு சந்தோஷமும் மிதந்தது. பேருந்து ஏறுவதற்குள் நாலு புள்ளி எட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். வேலூரில் பாகாயம் போய் இறங்குவதற்குள் அறுபத்தொரு வாழ்த்து. சர்ச்சுப் பாடகர் குழு ஆட்கள் மட்டும் பதினேழு பேர். அதில் பதினாலு ஸ்தோத்திரம்.

வீட்டில் கணவர் சத்தியநாதன் மக்கன் பேடா வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆபீஸ் வேலையாக ஆற்காடு போனவருக்குச் செய்தி அங்கேயே எட்டிவிட்டதாம்.

"எப்படி சுந்தரி இது? எனக்கு நீ வட்டிக் கணக்கு சொல்லிக் குடுத்தப்போ நானே தூங்கிட்டேனே?"

"நீங்க எதுக்குத்தான் தூங்கல? போதகர் பிரசங்கத்துல ஜெபம்னு சொன்னாத்தான் முழிப்பீங்க."

"சரி சரி, காட்டு. என் பொண்டாட்டி மார்க்க நானே பாக்கறேன்."

போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பேடா வாயில் இருந்தது. மெல்வது நின்றது.

"இது இன்னாது, கடைசி வரி?"

"கழிப்பறை."

"அதுக்கு நாலு புள்ளி ஒன்பது போட்டிருக்கு."

"இருக்காது."

"இருக்கு. நீயே பாரு." அவர் மெல்ல ஆரம்பித்தார். "அப்போ அது உன்னை விட நல்லாப் பாடம் நடத்துது போல."

அந்தக் கழிப்பறையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெண்கள் பக்கத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று காவல் காக்க வேண்டும். குழாயைத் திறந்தால் மூன்று சொட்டு விழும், பிறகு ஒரு பெருமூச்சு வரும், அவ்வளவுதான். ஆண்கள் பக்கம் அதைவிட மோசம் என்று ஆண்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு நாலு புள்ளி ஒன்பது. அவளுக்கு நாலு புள்ளி எட்டு.

ஞானசுந்தரி அதன் பிறகு பேடாவைத் தொடவில்லை. சர்க்கரையைவிடச் சுவையான ஒன்று அகப்பட்டுவிட்டது. ஒரு கேள்வி.

புதன்கிழமை காலை மையத்துக்குள் நுழைந்ததும் நேராகக் கழிப்பறைக்குப் போனாள். யாராவது ராத்திரியோடு ராத்திரியாகச் சலவைக்கல் பதித்திருக்கலாம் அல்லவா? இல்லை. வாசலில் அஃப்ஸர் ஜஹான் காவலுக்கு நின்றுகொண்டிருந்தாள். நான்கு வருடமாக ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கிற பெண். வகுப்பில் தூங்காத ஆறு பேரில் ஒருத்தி, தோழிகள் சாய்ந்துகொள்வதற்கு அவள் தோள் தேவைப்பட்டதால்.

"ஏம்மா, இத ரிப்பேர் பண்ணாங்களா?"

"எங்க மேடம்! நேத்து குழாய்ல இருந்து பல்லி வந்துச்சு. தண்ணி வரல."

"அப்போ மார்க்கு போட்டது சும்மா வெளையாட்டுக்கா?"

"ஐயோ இல்ல மேடம். எல்லாரும் யோசிச்சு யோசிச்சுதான் போட்டோம். மனசுல இருந்தத போட்டோம்." சொல்லிவிட்டு ஏனோ அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்கிருந்து நகர்வதற்குள் சமையற்கட்டிலிருந்து சவுரியம்மாள் கரண்டியோடு வந்துவிட்டாள். அவள் மையத்தின் சமையல்காரி. கரண்டி எப்போதும் கையில் இருக்கும், தூங்கும்போதும் இருக்கும் என்பார்கள்.

"இன்னா டீச்சரம்மா, உன் போனு என் சாப்பாட்ட நல்லால்லன்னு சொல்லிச்சாமே?"

"நான் சொல்லலம்மா..."

"ஒன்னு புள்ளி ஒன்னாம்! சார் வந்து சொல்றாரு, என்னமோ பள்ளிக்கூடத்துல நான் பெயிலானாப்புல. ஒரு பருக்கை மிஞ்சுதா கேளு. முப்பத்திரண்டு தட்டும் கழுவி வச்ச மாதிரி வருது. அந்த வேலாயுதம் இருக்கானே, நாலாவது தடவ சாம்பாருக்கு வந்தான், 'அக்கா உன் கைக்கு வளையல் போடணும்'னான். அவனும் கம்மியாப் போட்டானா? கேட்டுச் சொல்லு. நாளைக்கி அவனுக்கு வெறும் ரசம்."

ஞானசுந்தரி மாடிக்கு ஏறினாள். தாளை எடுத்து எழுதினாள். நக்கித் தின்கிற சாப்பாட்டுக்கு ஒன்று புள்ளி ஒன்று. பல்லி வருகிற கழிப்பறைக்கு நாலு புள்ளி ஒன்பது. போன் கெட்டுவிட்டதா? தானே ஒருமுறை படிவத்தை நிரப்பிப் பார்த்தாள், ஒழுங்காகத்தான் எண்ணியது. கேலி செய்கிறார்களா? முப்பத்திரண்டு பேரும் ஒரே மாதிரி கேலி செய்ய வழியில்லை, அவர்கள் டீக்கடைக்குப் போகவே இரண்டு கட்சியாகப் பிரிகிறவர்கள். பயமா? பேரே போடவில்லையே. அன்று வகுப்பில் பாடம் நடத்தும்போது பாதி மனது இதிலேயே இருந்தது. இருபத்தாறு பேர் வழக்கம்போல் தூங்கினார்கள். நாலு புள்ளி எட்டு கொடுத்தவர்கள் தூங்குகிற தூக்கமாக அது தெரியவில்லை.

வியாழக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். அபினேஷின் செய்முறை வகுப்பில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வேவு பாக்க வந்தீங்களா மேடம்? பாத்துக்குங்க. இன்னும் ரெண்டு வாரம்தான் ஓடும் இந்தப் படம்," என்றான் அவன்.

"நீ நடத்துப்பா. நான் இல்லன்னு நெனச்சுக்கோ."

ஒருவர்கூடத் தூங்கவில்லை. அவள் இரண்டு முறை எண்ணினாள். தோலைத் திருப்புகிறார்கள், மடக்குகிறார்கள், வெளிச்சத்தில் பிடிக்கிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் ஏறி எட்டிப் பார்க்கிறார்கள். "இது முள்ளு கீறல்", "இது உண்ணி கடிச்சது", "உன் மூஞ்சி, இது கத்தி பட்டது" என்று மீன் மார்க்கெட்டைத் தோற்கடிக்கிற சத்தம். ஞானசுந்தரிக்கே எழுந்து போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. போனாள்.

மேஜையின் தலைமாட்டில் வேலாயுதம் நின்றார். அவர் பதினெட்டு வருடம் ஷெட்டில் தோல் பிரித்தவர், வகுப்பிலேயே மூத்தவர். மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால் அபினேஷிடம் கேட்பதற்கு முன் அவரிடம்தான் கேட்பார்கள். ஒரு ஆட்டுத்தோலை உதறி விரித்தார். உள்ளங்கையால் ஒரு தடவு. திருப்பினார். மறுபடி ஒரு தடவு. வால் பக்கத்து மூலையில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, வலது பக்கத்து அடுக்கில் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் வைத்தார். அடுத்த தோலில் நாலு இடத்தில் ஓட்டை. அதில் ஐந்து என்று கிறுக்கி, பார்க்காமலேயே மூலையில் வீசினார்.

ஞானசுந்தரியின் கண் சாக்பீஸிலேயே இருந்தது.

"வேலாயுதம், மொதல்ல கோடு போட்டீங்களே, அது இன்னா?"

"கோடு இல்ல மேடம். ஒன்னு. ஒன்னாம் நம்பர் சரக்கு. ஏ ஒன். வெளிநாடு போறது."

"மூலையில போட்டது?"

"அது அஞ்சு. சரக்கே இல்ல, குப்ப."

"எல்லா ஷெட்டுலயும் இப்படித்தானா?"

"பேரணாம்பட்டுல இருந்து ராணிப்பேட்ட வரைக்கும் எங்க வேணா போய்க் கேளுங்க. ஒன்னுன்னா நல்லது. நம்பர் ஏற ஏற பேஜாரு."

மேஜையைச் சுற்றி முப்பத்திரண்டு பேர், அவர்களில் தோல் பிரிக்காத ஆள் இல்லை. ஞானசுந்தரிக்குப் பதில் பாதி தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்த ஃபார்ம்ல... நம்பர் எப்படிப் போட்டீங்க?"

அஃப்ஸர் ஜஹான் முந்திக்கொண்டாள். "நான் கேட்டேன் மேடம்! ஸ்கூல்ல அஞ்சுன்னாத்தானே நல்லது, இதுல எப்படி அண்ணேன்னு கேட்டேன். ஃபார்ம்ல ஒன்னும் எழுதல. இவருதான்..."

"நான் இன்னா தப்பா சொன்னேன்?" என்றார் வேலாயுதம். "நாலு வருஷமா மேஜையில நிக்கிறியே, அஞ்சாம் நம்பர எங்க போடுவேன்னு கேட்டேன். 'மூலையில'ன்னா இவ. அவ்ளோதான், அதே மாதிரி போடுன்னேன். தரம் பிரிக்கத்தானே படிக்க வந்தோம்? கோர்ஸையும் தரம் பிரிச்சிட்டோம்."

"கணக்கு வகுப்புக்கு நீங்க..."

வேலாயுதம் பின்கழுத்தைச் சொறிந்தார்.

"அஞ்சு மேடம். மனசுல வச்சிக்காதீங்க. நீங்க நல்ல மனுஷி. வகுப்புதான் கொஞ்சம் ஓட்ட ஜாஸ்தி."

அன்று சாயங்காலம் பேருந்தில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு கழித்தல் போட்டாள். ஆறிலிருந்து நாலு புள்ளி எட்டு போனால் ஒன்று புள்ளி இரண்டு. கழிப்பறைக்கு ஒன்று புள்ளி ஒன்று. பல்லிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சின்னப் புள்ளிதான் வித்தியாசம்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. தோன்றாமல் இருக்க அவள் என்ன சிலையா? ஒன்பது மணி நேரம். அறுபத்தொரு வாழ்த்து, பதினாலு ஸ்தோத்திரம். அபினேஷுக்குச் சின்ன வயது, வேறு வேலை கிடைக்கும். சாமர்த்தியசாலி. இப்படியே மாதனூர் வரை யோசித்தாள். மாதனூர் தாண்டியதும் இன்னொரு படம் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாரத்துக்கு ஒன்பது மணி நேரம், முப்பத்திரண்டு பேர் வரிசையாகத் தூங்குகிறார்கள், அதற்கு எதிரே இவள் நிற்கிறாள், இனி காரணமும் தெரியும். தெரியாமல் தூங்க வைப்பது வேறு, தெரிந்தே தூங்க வைப்பது வேறு. அபினேஷ் எங்கேயோ உட்கார்ந்து பெண் வீட்டாருக்கு வீடியோவைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பான்.

வீட்டுக்குப் போனதும் ஸ்டேட்டஸை அழித்தாள். சத்தியநாதன் ஏன் என்று கேட்டார். சொன்னாள். அவர் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டு, விக்கல் வந்து, மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தார்.

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு இஷ்தியாக் அகமதுவின் அறைக்குள் நுழைந்தாள். அவர் கணினியில் அட்டவணையைத் திறந்து வைத்து, அனுப்புகிற பொத்தானுக்கு மேல் விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அனுப்பாதீங்க. மார்க்கு தலைகீழா இருக்கு. தப்பு என்னோடது. எது நல்லது எது கெட்டதுன்னு ஃபார்ம்ல நான் எழுதல. அவங்க தோலுக்குப் போடற மாதிரி ஒன்னுதான் ஒசத்தின்னு போட்டிருக்காங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்து புன்னகைத்தார்.

"மேடம், உங்க மனசு எனக்குத் தெரியும். அபினேஷுக்காகப் பேசறீங்க."

"இல்ல சார். என் வகுப்பு நெஜமாவே மோசம்."

"தன்னடக்கம்."

"தன்னடக்கமே இல்ல சார்! இருபத்தாறு பேர் தூங்கறாங்க. ஒருத்தர் குறட்ட விடுவாரு. நானே ஒரு நாள் போர்டுல எழுதிக்கிட்டே கண் அசந்துட்டேன்."

"பெரியவங்க இப்படித்தான் பேசுவாங்க. நம்பர் பொய் சொல்லாது மேடம்."

தன்னைவிட மட்டமான டீச்சர் இந்த வட்டாரத்திலேயே இல்லை என்று ஒருத்தி மன்றாட, மேலதிகாரி மறுக்கிற காட்சி எந்த ஆபீஸிலும் நடந்திருக்காது. மணி பதினொன்று நாற்பத்தைந்து. ஞானசுந்தரிக்கு மூச்சு வாங்கியது. பிறகு ஒரு வெளிச்சம் வந்தது.

"சார், உங்களுக்குன்னு தனி பாத்ரூம் இருக்கு இல்ல?"

"இருக்கு. ஏன்?"

"பயிற்சிக்கு வர்றவங்க போறதுக்கு நீங்க போனதே இல்ல இல்ல? நாலு புள்ளி ஒன்பது சார். நம்ம மையத்துலயே முதல் மார்க்கு. ஒரு தடவ போய் நின்னுட்டு வாங்க. வந்து அப்புறம் அனுப்புங்க."

இஷ்தியாக் அகமது மணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து போனார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வந்தபோது மூக்கில் கைக்குட்டை இருந்தது. அப்படியே உட்கார்ந்து அட்டவணையை மூடினார்.

"ஒன்னு புள்ளி ஒன்னுகூட அதிகம் மேடம்," என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து. "திங்கக்கெழம பிளம்பர் வந்தாகணும்."

"அப்போ அபினேஷ்?"

"அபினேஷ் இருப்பான். ஒப்பந்தத்த இன்னொரு வருஷம் நீட்டிக்கறேன்." கைக்குட்டையை மடித்தார். "ஆனா மேடம், நான் ஒரு சட்டம் சொன்னேன். கம்மி மார்க்கு வாங்கற வகுப்பு போகும்னு. அது யாருக்கும் மாறாது."

"தெரியும் சார். ரெண்டு வாரம் குடுங்க. மறுபடி கேட்டுப் பாக்கறேன்."

"முப்பத்திரண்டுல பாதிக்கு மேல நல்லாருக்குன்னு சொல்லணும். பதினேழு. பதினாறு வந்தாலும் கணக்கு கெடையாது. மெயின் ஆபீஸுக்கு ரெண்டு வாரம் கழிச்சு அனுப்பறேன்னு எழுதிடறேன்."

வெளியே அபினேஷ் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவள் கதவைத் திறந்ததும் உள்ளே விழுந்தான்.

இரண்டாவது படிவத்தை ஞானசுந்தரி பேருந்தில் செய்யவில்லை. கீழே மாமரத்தடியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் படித்துக் காட்டிச் செய்தாள். அதில் எண்களே இல்லை. ஒரே கேள்விதான். "கணக்கு வகுப்புல உங்களுக்கு எந்த எடத்துல தூக்கம் வருது? பேர் வேணாம். கோவிச்சுக்க மாட்டேன்."

பதில்கள் திங்கட்கிழமை சாயங்காலம் வர ஆரம்பித்தன. ஆம்பூர் பேருந்து நிலையத்தில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து போன் கிணுகிணு என்றது.

"ரெண்டு மணிக்கு. சவுரியக்கா சாம்பாருக்கு அப்புறம் போலீஸ் வந்தாலும் முழிக்க முடியாது."

"நீங்க போர்டுகிட்ட பேசறீங்க மேடம். எங்ககிட்ட பேசல. போர்டு தூங்கல, நாங்க தூங்கிட்டோம்."

"ஒரு ரயில் கெளம்பிச்சு, இன்னொரு ரயில் எதுக்க வந்துச்சு. எந்த ஊருன்னு சொல்லவே இல்ல. வண்டி பேரும் சொல்லல. அங்க தூங்கினேன்."

"நான் தூங்கல. கண்ண மூடிக் கேக்கறேன்."

இன்னொன்று குரலில் பேசி எழுத்தாக மாற்றியது. பேர் போடாவிட்டாலும் யார் என்பதில் சந்தேகமே இல்லை. "மேடம் பதினெட்டு வருஷமா தோல் பாக்கறேன் நீங்க பரப்பளவுன்னு சொல்லி சதுரம் போடறீங்க செவ்வகம் போடறீங்க ஆடு எங்கனா சதுரமா இருக்குமா அதுக்கு நாலு கால் இருக்குது கழுத்து இருக்குது அந்த எடத்துக்கு எப்படி கணக்கு போடறதுன்னு நீங்க சொல்லுவீங்கன்னு மூணு வாரம் முழிச்சிட்டு இருந்தேன் சொல்லல அப்புறம் தூங்கிட்டேன்."

ஞானசுந்தரி அதை மூன்று தடவை படித்தாள். காலுக்கும் கழுத்துக்கும் எப்படிக் கணக்குப் போடுவது? இருபத்திரண்டு வருடமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள், ஒரு ஆட்டைக்கூட அளந்ததில்லை. தலையை நிமிர்த்தியபோது இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி ஆட்டோக்காரர்கள் கூப்பிடுகிற கடைசி நிறுத்தத்தில் பேருந்து நின்றிருந்தது. அவளுக்கு அதுவும் கணக்கில் இல்லை.

அடுத்த நாள் அபினேஷிடம் போனாள்.

"உன் மேஜைய காலையில ஒரு மணி நேரம் குடு. எனக்குத் தோலு வேணும். உன் நேரம் ஒன்னும் கொறையாது, மத்தியானம் ரெண்டு மணிய நீ எடுத்துக்கோ."

"ரெண்டு மணிய எனக்குத் தள்ளறீங்களா? சாம்பார் நேரத்தையா? கொல பண்றீங்க மேடம்."

"உன் வகுப்புலதான் யாரும் தூங்க மாட்டாங்களே."

மேஜையில் தோலை விரித்து, அதன் மேல் கட்டம் போட்ட கண்ணாடித்தாளை வைத்தாள். முழுக்கட்டங்களை எண்ணு, அரைக்கட்டங்களை இரண்டிரண்டாகச் சேர், காலையும் கழுத்தையும் விடாதே. ஒரு பக்கம் பெண்கள் எண்ணினார்கள், ஒரு பக்கம் ஆண்கள் எண்ணினார்கள். வேலாயுதம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "நாலே கால் சதுர அடி," என்றார். எண்ணி முடித்தால் நாலே கால். இவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"எப்படி வேலாயுதம்? எண்ணாம எப்படி?"

"கண்ணு மேடம், கண்ணு."

"மேடம், பொய்!" என்று கத்தினாள் அஃப்ஸர் ஜஹான். "தோலுக்குப் பின்னாடி மெஷின்ல அளந்த சீல் குத்தியிருக்கும். விரிக்கும்போதே அண்ணன் திருப்பிப் பாத்துட்டாரு!"

மேஜையே இடிந்து விழுகிற சிரிப்பு. அடுத்த தோலில் சீலுக்கு மேல் காகிதம் ஒட்டினார்கள். வேலாயுதம் நாலரை என்றார். பெண்கள் எண்ணியதில் நாலு, ஆண்கள் எண்ணியதில் ஐந்து. ஏன் வித்தியாசம், எந்தக் காலை விட்டீர்கள், அரைக்கட்டத்தை யார் முழுசாக எண்ணியது என்று தகராறு கிளம்பி, சவுரியம்மாள் சாப்பாடு ஆறுகிறது என்று கரண்டியால் கதவைத் தட்டும்வரை ஓயவில்லை. சில நாட்கள் இப்படிப் போயின. சில நாட்கள் சரியாக வரவில்லை. விழுக்காடு நடத்திய அன்று ஒன்பது பேர் நின்றுகொண்டே தூங்கினார்கள். நின்றுகொண்டு தூங்க முடியும் என்று ஞானசுந்தரிக்கு அன்றுதான் தெரிந்தது. அதையும் குறித்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை மூன்றாவது படிவம் போனது. இந்த முறை வட்டங்களுக்குப் பக்கத்தில் எண் இல்லை, அவர்கள் வாயிலிருந்தே பொறுக்கிய சொற்கள் இருந்தன. நல்லாருக்கு. சுமாரா இருக்கு. தாங்கல.

மறுநாள், அட்டவணை அனுப்ப வேண்டிய சனிக்கிழமை, இஷ்தியாக் அகமதுவின் அறையில் மூன்று பேரும் திரையைப் பார்த்து நின்றார்கள். சுமாரா இருக்கு, பதினாலு. நல்லாருக்கு, பதினாறு. பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. இரண்டு பேர் இன்னும் நிரப்பவில்லை.

"சார்ஜ் இல்லாம இருக்கும் மேடம்," என்று அபினேஷ் நகத்தைக் கடித்தான். தன் வேலைக்காக அவன் நகம் கடிப்பதைப் பார்த்து ஞானசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. "நான் போய்..."

"யாரும் போகக் கூடாது," என்றார் இஷ்தியாக் அகமது. "தானா வரணும்."

ஐந்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒன்று வந்தது. தாங்கல.

அபினேஷ் நெற்றியில் அடித்துக்கொண்டான். ஞானசுந்தரி கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் அட, இப்படித்தான் இருபத்தாறு பேரும் இருந்திருப்பார்கள் என்று தோன்றியது. திறந்தபோது இஷ்தியாக் அகமது திரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பதினேழு. வந்துடுச்சு மேடம். கணக்கு இருக்கும். காலையிலயே இருக்கும்." தலையை ஆட்டினார். "ஒத்த ஓட்டுல தப்பிச்சீங்க."

அபினேஷ் கத்தினான், கைதட்டினான், அவள் கையைப் பிடித்து ஆட்டினான், சமையற்கட்டுக்குச் செய்தி சொல்ல ஓடினான். ஞானசுந்தரி மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனாள். பதினேழைப் பார்க்கவில்லை.

"சார், இந்த ஒரு தாங்கல, யாரு?"

"பேர் இருக்காது மேடம். நீங்கதானே பேர் வேணாம்னு வச்சீங்க."

"தெரியும் சார். ஆனா யாரு? நின்னுக்கிட்டே தூங்கின ஒன்பது பேர்ல ஒருத்தரா? இல்ல தூங்காத ஆளா? எந்த எடத்துல தாங்கலியாம்?"

"ஒருத்தர்தானே, விடுங்க. ஜெயிச்சிட்டீங்க."

"எப்படி சார் விடறது?" என்றபடியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த படிவத்தைத் திறந்தாள்.